சிலுவைப் பிள்ளை

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிவாக்கில், நான் செத்துப்போன பிள்ளை என்று எனக்குத் தெரியவந்தது. அதுவும் தனியாக இருக்கும்போது அல்ல. சாமியார், உபதேசியார், பீடத்துக்குப் பூக்கட்ட வந்த பெண்கள், புதுநன்மை வகுப்புப் பிள்ளைகள், நாகல் நகரிலிருந்து அளவெடுக்க வந்திருந்த கண்ணாடிக்கடை பாய் என்று அத்தனை பேருக்கும் முன்னால். அந்தப் பதவியைப் பிடிப்பதற்கு நான் ஒரு தில்லுமுல்லு வேறு செய்திருந்தேன். ஆகவே யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை.

எங்கள் ஊருக்குத் திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சுற்றிலும் மல்லியும் சம்பங்கியும் கனகாம்பரமும், நடுவில் கோயில். கோயில் என்றால் மாதா கோயில். ஊரின் அளவுக்கு அது மிகவும் பெரியது. அதைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார், எங்கள் ஊர் ஒரு நாள் நகரமாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டும். அவருடைய சொந்த ஊர்க் கோயிலில் புதுச் சன்னல் வைத்தபோது கழற்றிப்போட்ட பழைய வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றைக் கேட்டு வாங்கி, வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் கப்பலேற்றி, திண்டுக்கல் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து, பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் பதித்தாராம். வழியில் ஒரு சில்லுகூட உடையவில்லை என்பார்கள். பிற்காலத்தில் எங்கள் பையன்களின் கிரிக்கெட் பந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

சன்னலின் மேல்பாதியில் மாதா குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் அவளை அதிகம் பார்த்ததில்லை. எங்களுக்கு வேண்டியது கீழ்ப்பாதி. அங்கே ஒரு குடும்பம் முழந்தாளிட்டுக் கைகூப்பியிருக்கும். இடப்பக்கம் தகப்பன், அவனுக்குப் பின்னால் வரிசையாக மூன்று பையன்கள். வலப்பக்கம் தாய், அவளுக்குப் பின்னால் மூன்று பெண்கள். தாய் வெள்ளைத் துணியால் தலையை மூடியிருப்பாள். வெள்ளைக்காரியாக இருந்தாலும் கோயிலுக்குள் முக்காடு போடத் தெரிந்தவள் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவள்மேல் தனி மரியாதை. கண்ணாடி ஒரே கனமாக இருக்காது. ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, உள்ளே குமிழி குமிழியாக இருக்கும். காலை ஏழு மணிப் பூசைக்கு அதன் வழியே வெயில் வந்து, தரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மேல் சிவப்பும் நீலமுமாக விழும். நீலம் விழுந்த பிள்ளை சிவப்புக்கு நகர்வாள், சிவப்பில் இருப்பவள் முழங்கையால் இடிப்பாள். எங்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தலையில் குட்டுவார்.

தாயின் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலமும் உண்டு. துணிக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டு. அது என்னவென்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகும் பூவை ஈரத்துணியில் சுற்றி நாரால் அப்படித்தான் கட்டுவோம். யாரோ ஒரு பூக்காரக் குடும்பம் மாதாவுக்குப் பூ கொண்டுவந்திருக்கிறது. அந்தத் தேசத்திலும் நம்மைப் போன்ற சனங்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பொட்டலத்துக்கு மேலேயும், மூன்று பெண்களில் நடுப்பெண்ணின் தலைக்கு மேலேயும் செங்கல் நிறத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிலுவை வரைந்திருக்கும். பொட்டலத்தின் மேலிருப்பது, பூ காணிக்கைப் பூ என்பதற்கு அடையாளம். பெண்ணின் மேலிருப்பது, அவளைக் கடவுள் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். இது உபதேசியார் சொன்னது, அவருக்கு அவருடைய அப்பா சொன்னது, அவரும் உபதேசியார். வேறு சாட்சி வேண்டியதில்லை. பையன்கள் தலைக்கு மேல் எதுவும் கிடையாது என்பதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அந்த வருஷம் புதுநன்மை வாங்கும், அதாவது பூசையில் முதல்முறையாக அப்பம் வாங்கும் பெண்பிள்ளைகளில் ஒருத்தியைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அவள்தான் சிலுவைப் பிள்ளை. திருவிழா அன்று சாயங்காலம் சப்பரத்துக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால், வெள்ளைக் கவுனும் முகத்திரையும் பூமுடியுமாக, கையில் வெள்ளிச் சிலுவை பிடித்து அவள் நடப்பாள். ஊரே அவள் நடையைப் பார்த்து நடக்கும். என்னைவிட மூன்று வயது மூத்தவளான அத்தை மகள் சிலுவைப் பிள்ளையாக நடந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய்யில்லை.

சீட்டு என்றால் காகிதம் அல்ல, புளியங்கொட்டை. ஒன்பது பெண்களுக்கு ஒன்பது கொட்டை. அதில் ஒன்றை மட்டும் உபதேசியார் கல்லில் ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசியிருப்பார். காணிக்கைப் பைக்குள் போட்டுக் குலுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு கையை விட வேண்டும். நான் பிறந்ததிலிருந்து தாயம் ஆடியவள். உரசிய கொட்டைக்கும் உரசாத கொட்டைக்கும் வித்தியாசம் தெரிய எனக்குக் கண் எதற்கு? விரல் போதும். முதல் ஆளாகப் போய் நின்றேன். ஒவ்வொன்றாகத் தடவினேன்.

"எம்புட்டு நேரமாத் தொழாவுற?" என்றார் உபதேசியார்.

"அருள் நிறை மரியே சொல்லிக்கிட்டே எடுக்குறேன்" என்றேன். சொல்லவில்லை. மாதா பேரைச் சொல்லியே பொய். வெள்ளைக் கொட்டை என் கையில் வந்தபோது, உபதேசியார் கண் கலங்கி, செபத்துக்குக் கிடைத்த பலனைப் பாருங்கள் என்று மற்றப் பெண்களுக்கு என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தால் அல்ல, சிரிப்பை அடக்க.

அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. தம்பிக்கு அப்போது ஆறு வயது; அவனை என் எதிரில் உட்கார வேண்டாம் என்று உத்தரவு போட்டேன். அப்பா திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய்க் கவுனுக்கு அளவு கொடுத்து, பிரியாணியும் வாங்கிக் கொடுத்தார். அம்மா மட்டும் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அம்மா எப்போதும் அப்படித்தான். கோயிலில் செபத்தைத் தவிர அவள் குரலை யாரும் கேட்டிருக்க முடியாது. விடிய மூன்று மணிக்கே காட்டுக்குப் போய்ப் பூப்பறிப்பாள், ஒரு மொட்டைக் கீழே விட மாட்டாள். அவள் பூவை வீணாக்கி நான் பார்த்தது வருஷத்துக்கு ஒரே நாள். கல்லறைத் திருநாளன்று தாத்தா, பெரியப்பா கல்லறைகளுக்கெல்லாம் பூப்போட்டு மெழுகுவத்தி வைத்த பிறகு, ஒரு கை நிறைய நல்ல மல்லியாக எடுத்துக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வருவாள். அங்கே வேலிக்கருவை தவிர ஒன்றும் கிடையாது. ஏன்ம்மா என்று ஒருமுறை கேட்டேன். ஆடு திங்கட்டும் என்றாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. உடைந்த சில்லுக்குப் பதில் சில்லு போட நாகல் நகர் பாயைச் சாமியார் வரச்சொல்லியிருந்தார். எங்கள் சாமியார் அப்போதுதான் பட்டம் வாங்கி வந்த இளவயதுக்காரர். எதற்கும் மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுச் செய்கிறவர். அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, பழைய கோயில் சன்னல்களைப் பற்றிப் படிக்கிற ஓர் அக்கா புதுச்சேரியிலிருந்து வந்துவிட்டார். சுடிதார் போட்டு, கழுத்தில் பெரிய கேமரா மாட்டியிருந்தார். வந்தவர் சன்னலைப் பார்த்ததும் செருப்பில்லாத காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இது நானூறு ஐந்நூறு வருஷத்துக் கண்ணாடி, இதை எந்தக் காரணத்தைக் கொண்டும் தொடாதீர்கள், உடைந்த இடத்தை மட்டும் அடையுங்கள் என்று சாமியாரிடம் சொன்னார். பாய் ஏணியில் நின்றபடி, "நானும் அதத்தான் சொன்னேன். இந்த மாதிரிச் செவப்பு இப்ப எங்கயும் வாரதில்ல" என்றார்.

உபதேசியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகள் வரிசையிலிருந்து என் கையைப் பிடித்து இழுத்து அக்காவின் முன்னால் நிறுத்தினார்.

"இதாம்மா இந்த வருஷத்துச் சிலுவைப் பிள்ள. மாதாவே எடுத்துக் குடுத்தது."

அக்கா சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். உபதேசியார் சன்னலைக் காட்டி, அவருடைய அப்பா சொன்னதையெல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க அக்காவின் சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். படித்தவர்களுக்குச் சில சமயம் அது தோன்றுவதில்லை.

"ஐயா, அது அப்படி இல்லீங்க" என்றார். "சன்னலுக்குப் பணம் குடுத்த குடும்பத்தைக் கீழ படமா எழுதுவாங்க. அப்பா, அம்மா, பிள்ளைங்க எல்லாரையும். அந்தச் சமயத்துல எந்தப் பிள்ளை இறந்துபோயிருக்கோ, அது தலைக்கு மேல மட்டும் சிலுவை போடுவாங்க."

பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. என் காதுக்குள் டவுன் பஸ் இன்ஜின்போல ஒரு இரைச்சல். உபதேசியார் பிடித்திருந்த என் கையை விட்டார். மெதுவாக விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சூடான பாத்திரத்தை விடுவதுபோல உதறினார். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஓரடி பின்னால் போனார்கள். என் மேல் அப்போது சிவப்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. நகர வேண்டும் என்று நினைக்கிறேன், கால் நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மா பூக்கூடையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். என்னிடம்தான் வருகிறாள், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப்போய் அந்த அக்காவிடம் நின்றாள்.

"அப்ப அந்தப் பூப்பொட்டலத்துக்கு ஏன் சிலுவை?" என்று கேட்டாள்.

செத்த பிள்ளையாக மகள் நிற்கும்போது பூவைப் பற்றிக் கேட்கிறாளே என்று மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கேமராவைத் தூக்கி, தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். துணிக்கட்டின் ஒரு முனையில், கீழே நின்று பார்த்தால் அழுக்கென்று தோன்றும் இடத்தில், நகம் அளவுக்கு ஒரு முகம் இருந்தது. இரண்டு கண்களும் மூடியிருந்தன.

"பூ இல்லக்கா. பிள்ளை. அந்த ஊர்ல பச்சப்பிள்ளைய அப்படித்தான் சுத்திவைப்பாங்க. பொறந்து ரொம்ப நாள் இருந்திருக்காது."

அம்மா கேமராவை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதயுமா கோயிலுக்குள்ள வச்சாக?"

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும்தான். "அவங்களுக்கு ஏழு பிள்ளைங்கக்கா" என்றார். "ஏழையும் எழுதிட்டாங்க."

அம்மா கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பூக்கட்ட உட்கார்ந்தாள். ஒரே சரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அடுத்த நான்கு நாட்கள் எப்படிப் போயின என்பதைச் சொல்ல வேண்டுமானால், நான் சாவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது. அந்தக் கொட்டை வேறு யாருக்கோ போக வேண்டியது. நான் தடவித் தடவித் தேடி என் சாவை எடுத்திருக்கிறேன், மாதா பேரைச் சொல்லி. பதவியை விட்டுக் கொடுத்துவிடலாம் என்று என் பக்கத்து வீட்டுச் சிநேகிதியிடம் போய்க் கேட்டேன். அதற்கு முந்தைய வாரம் வரை அதற்காக என்னோடு பேசாமலிருந்தவள் அவள். "நீதான எடுத்த, நீயே வச்சுக்க" என்று கதவைச் சாத்தினாள். என்னுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தம்பியிடம் கொடுத்து, இனிமேல் இது உனக்கு என்றேன். அவன் திறந்து காம்பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அப்ப சைக்கிளும் எனக்கா?" என்று கேட்டான்.

ஊரில் இன்னொரு கலவரம். இதுவரை சிலுவைப் பிள்ளைகளாக நடந்தவர்களின் தாய்மார்கள் ஒவ்வொருவருக்கும், அவரவர் மகளுக்கு வந்த காய்ச்சல், முறிந்த கை, தட்டிப்போன கல்யாணம் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வண்ண வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. அத்தனை வருஷம் இடித்துக்கொண்டு சண்டை போட்ட இடம் வெறுந்தரையாகக் கிடந்தது. பூசை முடிந்ததும் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரையும்விடச் சத்தம் போட்டவர் என் அப்பாதான்.

"எம்புள்ளைன்னு காட்டுற தலைக்கு மேல அந்தக் குறி இருக்கக் கூடாது சாமி. அழிச்சுட்டுத்தான் திருநா."

தொடக்கூடாது என்று சொன்ன அக்கா புதுச்சேரிக்குப் போய்விட்டார். ஊர் எதிரில் நின்றது. சாமியார் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். புதன்கிழமை பாய்க்குப் போன் போட்டார்.

பாய் ஏணியோடும், ஒரு டப்பாவில் ஏதோ மருந்தோடும், உப்புத்தாளோடும் வந்தார். ஊரே கோயிலுக்குள் நின்றது. என்னை அப்பா முன்வரிசையில் கையைப் பிடித்து வைத்திருந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தச் சிலுவை தேய்ந்து மறைவதை என் கண்ணால் பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்கு ஓடிப்போய் ஜியாமெட்ரி பாக்ஸைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாய் ஏணியை வைத்து ஏறினார். பொட்டலம்தான் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. "கீழ இருக்குறத மொதல்ல பாத்துர்றேன்" என்று உப்புத்தாளை மடித்தார்.

"அத விட்டுருங்க பாய்."

யார் என்று எல்லாரும் திரும்பினார்கள். அம்மா ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், கிறுக்குப் புடிச்சிருக்கா? இங்க வா" என்றார். அம்மா வரவில்லை. சாமியார் கிட்டே வந்து, பிள்ளைக்காகத்தானே செய்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, பொட்டலத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் பெண் தலைமேல் இருப்பதை மட்டும் அழித்துவிடலாமே என்று நியாயம் சொன்னார்கள். நல்ல யோசனை. எனக்கு அது போதும். நான் அம்மாவையே பார்த்தேன்.

"வேணாம்" என்றாள் அம்மா. "அது தனியாக் கெடக்க வேணாம். தொணைக்கு அவளும் இருக்கட்டும்."

நான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அந்த வெள்ளைத் துணியில் கண்ணை மூடிக் கிடக்கிற செத்த பிள்ளைக்குத் துணையாக என் அம்மா என்னை அனுப்புகிறாள். அதுவரை நான் பயந்தேன், அழுதேன், எல்லாம் செய்தேன். ஆனால் அதிர்ச்சி என்றால் என்னவென்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை. என் அம்மாவின் முதுகையும், பின்னலில் இருந்த வாடிய மல்லியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பொம்பளை யார் என்று இருந்தது.

பாய் ஏணியில் இரண்டு படி இறங்கினார். அம்மாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, பக்கத்திலிருந்த எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "ஆம்பளப் புள்ளையாம்மா, பொம்பளப் புள்ளையா?"

"பொம்பளப் புள்ள" என்றாள் அம்மா.

துணியில் முழுக்கச் சுற்றிக் கிடக்கிற கண்ணாடிப் பிள்ளை ஆணா பெண்ணா என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்தப் புதுச்சேரி அக்காவே சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்கத் திரும்பினேன். அப்பா என் கையை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பக்கவாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தார். அவரும் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன்.

பாய் உப்புத்தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "எனக்குக் கை வரல சாமி. வேற ஆளப் பாத்துக்கங்க" என்று ஏணியை மடக்கினார். அதற்குப் பிறகு வேறு ஆள் யாரும் வரவில்லை. அம்மா அதன்பின் ஊர்ப் பெண்களிடம் என்ன பேசினாளோ, பேசினாளோ இல்லையோ, யாரும் அந்தச் சிலுவையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எனக்காக இரங்குகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திருவிழா வந்தது. நான் ஓடி ஒளிந்தேன். அம்மா வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்து குளிப்பாட்டினாள். கவுன் போட்டுவிட்டாள். அவளே கட்டிய பூமுடியை வைத்தாள். முகத்திரையைக் குத்தும்போது அவள் விரல் என் நெற்றியில் இரண்டு மூன்று முறை தேவையில்லாமல் பட்டது. சப்பரம் புறப்பட்டது. சிலுவைப் பிள்ளைக்கு முன்னாலோ பக்கத்திலோ யாரும் நடக்கக்கூடாது என்பது வழக்கம். அம்மா என் பக்கத்தில் நடந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, கொட்டுக்காரர்களைத் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஊரைச் சுற்றிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கமாகத் திரும்பும் இடத்தில் அம்மா நின்றாள். அவள் நின்றதால் நானும் நிற்க வேண்டியதாயிற்று. நான் நின்றதால் பின்னால் சப்பரம் நின்றது, கொட்டு நின்றது, ஊரே நின்றது. பொழுது இன்னும் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம், ஆடு மேய்கிற அந்த வேலிக்கருவைக்குப் பக்கத்தில் என்னைத் திருப்பி நிறுத்தினாள். என் முகத்திரையை மேலே தூக்கிவிட்டாள். என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். வெறும் மண், முள், நான்கைந்து ஆட்டுப் புழுக்கை. என்னைப் புதைக்கப்போகிற இடம் இதுதான், இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கவுனோடு நின்ற இடத்திலேயே ஒண்ணுக்கு இருந்துவிட்டேன். அம்மா என் பூமுடியிலிருந்து ஒரு கொத்து மல்லியைப் பிய்த்து அங்கே போட்டாள். திரையை இறக்கிவிட்டாள். கொட்டு மறுபடியும் ஆரம்பித்தது.

நான் சாகவில்லை. மறுநாள் கோயிலில் ஊருக்கே போட்ட அசனத்தில் இரண்டு முறை கறிச்சோறு வாங்கித் தின்றேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பியிடமிருந்து ஜியாமெட்ரி பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டேன். ஆனால் அம்மாவோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் விழுந்துவிட்டது. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வளர்ந்து, படித்து, சண்டை போடுகிற வயது வந்தபோது ஒவ்வொரு சண்டையிலும் அது நாக்கு நுனி வரை வரும். என்னை அந்தப் பொட்டலத்துக்குத் துணைக்கு அனுப்பினவள்தானே நீ.

போன வருஷம் என் தலைப்பிரசவத்துக்குத் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நர்ஸ் பெண் ஒருத்தி அட்டையில் எழுதிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். உங்கம்மாவுக்கு எத்தனை பிரசவம் என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றேன்.

"மூணு" என்றாள் அம்மா. ஒயர்கூடைக்குள் பிளாஸ்கைத் தேடிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

நர்ஸ் எழுதிக்கொண்டே, மூன்றாவது என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"மூணாவது இல்ல, மொதல்ல. நாலு மணி நேரம் இருந்துச்சு" என்றாள் அம்மா. பிறகு, அன்றைக்கு ஏணியடியில் சொன்ன அதே குரலில் சொன்னாள்: "பொம்பளப் புள்ள."

ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். அவசரத்துக்கு நாமே தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லையாம். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க அப்போது எங்கள் ஊரில் விடமாட்டார்கள். துணியில் சுற்றி, சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். பெயர் கிடையாது. பின்னால் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆகாது என்று அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்றார்கள். அம்மா பேசவில்லை. கல்லறைத் திருநாள்தோறும் ஆட்டுக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறாள். திருவிழா நாளில், ஊரையே நிறுத்தி, என் முகத்திரையைத் தூக்கி, அம்மா எனக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அந்த இடத்துக்கு என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.